வேனின் ஸ்டீயரிங்குக்கு நான் தைத்த தோல்

அந்த வேனின் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒரு சாண் திருப்பினால்தான் முன் சக்கரங்களுக்குச் சேதி போகும். அதுவரை வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடும். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. இந்த ஆட்டத்தோடு ஓட்டுவதைத்தான் எங்கள் டிரைவர் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. மனசில் பட்டதை வெளியே சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் வேலூரில் இன்டர்மீடியட் முடித்தவன். இன்ஜினீயரிங் படிக்க இரண்டு தடவை விண்ணப்பம் போட்டேன், இரண்டு தடவையும் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஆம்பூரில் பாலாற்றை ஒட்டித் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற குமாஸ்தாவாக வந்து உட்கார்ந்தேன். மதராஸ் ஏஜெண்டுக்கும் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கும் தினம் நாலைந்து கடிதம். அதைப் பதினோரு மணிக்குள் டைப் அடித்து முடித்துவிடுவேன். மீதிப் பொழுதெல்லாம் கை துறுதுறுவென்று இருக்கும். ஆபீஸ் கடிகாரத்தைக் கழற்றி மாட்டினேன். கிணற்றடி பம்ப் எஞ்சினைக் கழற்றினேன். அதை மாட்ட வேறு ஆள் வர வேண்டியிருந்தது. அடுத்து என் கண்ணில் பட்டது வேன்.

அது யுத்தத்துக்காகக் கப்பலில் வந்த ஆஸ்பத்திரி வண்டி. யுத்தம் முடிந்ததும் முதலாளி அதை ஏலத்தில் எடுத்து, மேலே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். நல்ல வெயிலில் பெயின்டுக்கு அடியிலிருந்து சிவப்புச் சிலுவை எட்டிப் பார்க்கும். காயம்பட்டவர்களைப் படுக்கவைத்த இடத்தில் இப்போது உப்புத் தோல். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வந்து இறங்குகிற மாட்டுத் தோல் கட்டுகளை டேனரிக்குக் கொண்டுவர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஆலங்காயம் போய், தோல் பதனிட வேண்டிய ஆவாரம் பட்டை மூட்டைகளை ஏற்றி வர வேண்டும். உப்புத் தோல் காய்ந்த சரக்கு இல்லை. அழுகாமல் இருப்பதற்காக உப்பை அப்பி மடித்து வைத்த பச்சைத் தோல். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும். பலகைத் தரையின் இடுக்கு வழியாக அது நேராக அடியில் இருக்கிற இரும்பு மேல் இறங்கும்.

டிரைவர் குடியாத்தத்துக்காரர். நெசவுக் குடும்பம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார மாட்டேன் என்று பட்டாளத்துக்கு ஓடி, பர்மா எல்லையில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். நாற்பது வயது இருக்கும். யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார். எதிரில் நிற்பவரின் காலைப் பார்த்தபடியே பேசுவார். பாலீஷ் போட்ட என் ஷூவைப் பார்த்துத்தான் முதல் நாளே எனக்குப் பெயர் வைத்தார்.

"இன்னா காலேஜு, வண்டிகிட்ட இன்னா வேல?"

"ஸ்டீயரிங்ல இவ்ளோ ஆட்டம் இருக்கே. என்னன்னு பார்க்கலாம்னு."

"ஆட்டம் இருந்தா உனக்கு இன்னா? ஓட்றது நீயா?"

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது.

வேனின் டூல் பெட்டிக்கு அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. பட்டாளத்துக்காரர்களுக்காக அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம். அட்டை இல்லை, பாதி எண்ணெயில் ஊறியிருந்தது. ஸ்டீயரிங்குக்கு அதில் ஆறு பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆறு பக்கத்தையும் மனப்பாடமே செய்துவிட்டேன். ஸ்டீயரிங் தண்டு போய் முடிகிற இடத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் திருகுப் பல். அது முழுகுகிற அளவுக்குக் கெட்டியான கியர் ஆயில் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து இறங்குகிற ஒரு கை, டிராக் லிங்க் என்கிற நீளமான கம்பியைத் தள்ளி இழுக்கும். அந்தக் கம்பிதான் சக்கரத்தைத் திருப்புகிறது. சக்கரம் இரண்டும் ஒன்றாகத் திரும்ப இன்னொரு கம்பி. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் கிண்ணத்துக்குள் உருண்டை வைத்தாற்போல ஒரு மூட்டு. மூட்டுக்கு உள்ளே கிரீஸ், வெளியே தூசி போகாமல் ஒரு உறை. அவ்வளவுதான் விஷயம். ஒரு பெட்டி, நான்கு மூட்டு. இதைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன் பர்மாவில் என்னத்தை ஓட்டினார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன். அது அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா?

ஒரு நாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஸ்டீயரிங் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு கம்பியை விட்டு எடுத்தேன். கம்பியில் வெல்லப் பாகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பச்சையும் பழுப்புமான நிறம். மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, புங்க எண்ணெய். பதனிட்ட தோல் விறைக்காமல் இருக்க எங்கள் டேனரியில் தடவுகிற எண்ணெய். பீப்பாய் பீப்பாயாக இருந்ததில் ஒரு டப்பா மொண்டு ஸ்டீயரிங்குக்கு ஊற்றியிருக்கிறார்! அந்தக் கம்பியைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலாளி நின்றிருந்த முற்றத்துக்கு ஓடினேன்.

முதலாளி வெயிலில் விரித்திருந்த தோலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத வெள்ளை ஜிப்பா. தோலை விரலால் ஒரு தட்டுத் தட்டியே அது எத்தனை நாள் பதனிடுகிற குழியில் கிடந்தது என்று சொல்லிவிடுவார். டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா டிரைவர் இது? வண்டிக்கும் தோலுக்கும் ஒரே எண்ணெயா?"

"நல்ல ஆயில் ஊத்தினா ஒரே வாரத்துல ஒழுகிப் போய்டுது மொதலாளி. உள்ள சீல் போய்ட்ச்சு. அந்த சீல் இப்ப எங்கயும் கெடைக்கல. புங்கெண்ணெ கெட்டியா நிக்குது."

"அது நிக்கிறதாலதான் ஸ்டீயரிங்கும் நிக்குது" என்றேன் நான்.

தோல் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டிரைவர் என் ஷூவைப் பார்த்துக்கொண்டே, "சிரிங்க சிரிங்க. தள்ளிக்கினு போகும்போது கூப்புட்றேன்" என்றார்.

முதலாளி என்னையே சரி செய்யச் சொன்னார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு உற்சாகம். பெட்டியைக் கெரசினில் மூன்று தடவை அலசினேன். செருப்பின் அடித்தோலுக்கு வைத்திருந்த துண்டில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி, இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்து, போன சீலின் இடத்தில் அழுத்தி உட்காரவைத்தேன். வேலூரிலிருந்து வரவழைத்த கியர் ஆயிலை ஊற்றினேன். பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஒரு சாண் ஆட்டத்தை இரண்டு விரற்கடைக்குக் கொண்டுவந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒரு மாதம் ஆகியும் ஒழுகவில்லை. முதலாளியே ஏறி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லா! நம்ம தோலு வேல செய்யுது பாரு!"

மேல்விஷாரத்திலிருந்து வந்த வியாபாரிகளுக்கெல்லாம் காட்டினார். என்னை, "நம்ம இன்ஜினீயரு" என்றார். எந்தக் காலேஜும் கொடுக்காத பட்டம். டிரைவர் அப்போது வண்டிக்கு மறுபக்கம் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

டிரைவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவை உப்புத் தோல் இறக்கிய பிறகும் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். நாலு குடம் கிணற்றுத் தண்ணீர். அதை ஒரு தகர டப்பாவால் மொண்டு மொண்டு கம்பிகள் மேலும் மூட்டுகள் மேலும் வீசி அடிப்பார். பிறகு கிரீஸ் கன்னை மூட்டில் வைத்து, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, புது கிரீஸ் தலை காட்டுகிற வரைக்கும் அடிப்பார். கடைசியில் சாக்குத் துண்டால் துடைப்பார். இதற்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு நடை என்றால் ஒரு மணி நேரம். வெளியே எழுந்து வரும்போது லுங்கி பூராவும் சேறு.

"இரும்பு மேல தண்ணி ஊத்தறீங்களே, துரு ஏறாதா?" என்று கேட்டேன்.

"உப்பு மேல தண்ணி ஊத்தாம வேற இன்னா ஊத்தறது? உன் கண்ணீரா?"

"உறை போட்டுட்டா உப்பே உள்ள போகாது. புஸ்தகத்துல தெளிவா இருக்கு. மூட்டுக்கு உறை இருக்கணும். உங்க வண்டியில ஒண்ணுகூட இல்ல."

"புஸ்தகம் எழுதுனவன் தோலு ஏத்திக்கினு போனானா?"

நல்ல கேள்வி. இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதை வாயாடித்தனம் என்று தள்ளிவிட்டேன்.

ஸ்டீயரிங் பெட்டிக்குள் தோல் ஜெயித்ததால், வெளியேயும் தோல்தான் ஜெயிக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். டேனரியில் கழித்துப் போட்ட துண்டுகளில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, பை மாதிரி நாலு உறை தைத்தேன். ஒவ்வொன்றிலும் கிரீஸைத் திணித்து, மூட்டின் மேல் மாட்டி, இரண்டு பக்கமும் தோல் வாரால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நேராக முதலாளியிடம் போய், இனிமேல் கழுவவும் வேண்டாம், தினம் கிரீஸ் அடிக்கவும் வேண்டாம், மிச்சமாகிற நேரத்தில் இன்னொரு நடை தோல் ஏற்றலாம் என்றேன். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாலு பேர் எதிரில் டிரைவரிடம் சொன்னார்:

"இனிமே அடியில படுக்காதே. கம்பி வேலைய தம்பி பார்த்துக்கும். நீ ஓட்டு, போதும்."

டிரைவர் தகர டப்பாவைக் கிணற்றடியில் வைத்தார். வைத்தார் என்றா சொன்னேன், எறிந்தார்.

அது ஆடி மாதம். ஐப்பசிக்குள் மூன்று தடவை என்னிடம் வந்தார். கெஞ்சிக்கொண்டு வந்தார் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் சண்டைதான்.

முதல் தடவை: "ஸ்டீயரிங்க ஒடிச்சித் திருப்பும்போது கரகரன்னுது. உள்ள உப்பு தங்குது. ஒரு உறைய அவுத்துப் பாரு."

"வேண்டியதில்ல. உள்ள கிரீஸ் நிறைய இருக்கு."

இரண்டாவது தடவை, மழைக்கு அப்புறம்: "தோலு ஊறிக்கினு தொப்பையாட்டம் தொங்குது. உப்புத் தண்ணி உள்ளயே தங்குது. அவுத்துப் பாருடா."

"டா போட்டுப் பேசாதீங்க."

மூன்றாவது தடவை அவர், "உப்பு தங்குதுன்னா கேக்க மாட்டியா? நானே அவுக்குறேன்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். நான் முதலாளியைக் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். முதலாளி வந்து, "வண்டில கை வெச்சே, நாளைக்கு வேல கெடையாது" என்றார். டிரைவர் கத்தியை மடக்கி மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். எனக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது.

அந்த ஐப்பசியில் மதராஸ் ஏஜெண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கடைசியாக அனுப்பிய தோலில் உப்புப் பூத்திருக்கிறது, சரியாக அலசாத தோல் என்று சீமையில் சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று புகார். எங்கள் டேனரித் தோலில் உப்பு என்கிற பேச்சுக்கே இடமில்லை என்று முதலாளி சொல்லச் சொல்ல நான்தான் பதில் டைப் அடித்தேன். அந்த வாரம் பூரா முதலாளி ஒருவரோடும் சிரித்துப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம், ஆலங்காயத்திலிருந்து பட்டை ஏற்றிக்கொண்டு வந்த வேன், வாணியம்பாடி போகிற வழியில் ஒரு ஏரிக்கரைத் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்க் கரையில் இறங்கியது. பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சேதி சொன்னார். வண்டியில் டிரைவர் மட்டும்தான் இருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்து வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கட்டுப் போடும்போதே போலீஸ்காரரிடம் சொன்னாராம்: "ஸ்டீயரிங்க ஒடிச்சேன். அது கையில சுத்துது, சக்கரம் திரும்பல." யாரும் நம்பவில்லை. அந்த ஸ்டீயரிங்கை இன்ஜினீயர் தம்பி புதுசு மாதிரி ஆக்கிவிட்டது ஊருக்கே தெரியுமே. தூங்கிவிட்டான் என்றார்கள், குடித்திருந்தான் என்றார்கள். அவர் குடிக்க மாட்டார். எனக்கு அது தெரியும். பகையாளியைப் பற்றி மனுஷன் நிறையத் தெரிந்து வைத்திருப்பான்.

மறுநாள் முதலாளி என்னை வாணியம்பாடிக்கு அனுப்பினார். அங்கே ஒரு மெக்கானிக் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். வேன் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு நின்றது. பட்டை மூட்டைகள் கரை நெடுகச் சிதறிக் கிடந்தன. மேஸ்திரி அடியில் நுழைந்தார். அப்புறம் சிரிப்புச் சத்தம்.

"இன்னா தம்பி இது, கம்பிக்கெல்லாம் செருப்பு போட்டுக்கிறீங்க!"

நான் குனிந்து பார்த்தேன். டிராக் லிங்க் ஒரு பக்கம் மூட்டைவிட்டுக் கழன்று மண்ணில் குத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி அந்தப் பக்கத்து உறையின் வாரை அறுத்தார். தோல் வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமில்லை. சோப்பு நுரை காய்ந்தாற்போல வெள்ளையாக ஏதோ. அதற்கு நடுவில் மணி மணியாக உப்பு. மூட்டைப் பூட்டியிருக்கிற அடைப்பான் திரும்பாமல் குறுக்கே ஒரு சின்னப் பின் போட்டிருக்கும். அந்தப் பின் இருந்த ஓட்டையில் செம்மண் நிறத்தில் கொஞ்சம் தூள் மட்டும் இருந்தது.

"பின்ன உப்பு தின்னுட்ச்சு. பின்னு போனதும் அடைப்பான் கழண்டுக்கினு வந்துட்ச்சு" என்றார் மேஸ்திரி. "தோலு தண்ணிய குடிக்கும் தம்பி. மேல இருந்து சொட்றத பூரா குடிச்சி உள்ளயே வெச்சிக்குது. கழுவவும் முடியாது, காயவும் காயாது. தெறந்து வுட்டிருந்தாலே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். யார் போட்டது இத?"

"டேனரியில போட்டது" என்றேன்.

டேனரியில் போட்டது! அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. பத்தடி தூரத்தில் ஏரி, நிறையத் தண்ணீர். உறையைச் சுழற்றி எறிந்தால் முடிந்தது. கையைக்கூட ஓங்கினேன். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பும்போது பஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போயிற்று. நான் இறங்கவில்லை.

உறையை முதலாளியின் மேஜை மேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அதை விரலால் தடவிப் பார்த்தார். நாக்கில் வைத்தே பார்த்தார்.

"இத யார்கிட்ட காட்டினே?"

"மேஸ்திரி பார்த்தார்."

"வேற யாருக்கும் காட்டாதே."

"டிரைவர் மேல தப்பில்ல மொதலாளி. நான் போட்ட உறைதான். நாமதான் கழுவக் கூடாதுன்னோம்."

"தம்பி, போன வாரம் நீ கைப்பட அடிச்ச கடுதாசி இன்னா? நம்ம தோலுல உப்பு இல்லன்னு. இப்ப நம்ம தோலு உப்பு புடிச்சி இரும்பயே தின்னுட்ச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுக்கவா?"

"இது நம்ம தோல்ல இருந்த உப்பு இல்லீங்க. மேல இருந்து சொட்டினது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பேசறவனுக்குத் தெரியுமா? அவன் தோலுல உப்புன்னு ஒரு வார்த்த பரவினா, ஆம்பூர்லருந்து மதராஸ் வரைக்கும் பேசுவான். முப்பது குடும்பம் இந்தக் குழிகள நம்பித்தான் சாப்புடுது."

அவர் பொல்லாதவர் இல்லை. அன்று காலையில் அவரே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவருக்குப் பழம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆனாலும் எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். டிரைவரின் லைசென்ஸ் புத்தகம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் இருந்தது. அவர் நாலு நாளில் டேனரிக்கே வந்து வண்டியைப் பார்த்து முடிவு செய்வார். அதற்குள் வண்டியின் சொந்தக்காரர் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, டிரைவர் அஜாக்கிரதை என்று அதில் இருந்தால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் போனால் அந்த மனுஷன் எந்தக் கதையைச் சொன்னாலும் இனி ஒரு வண்டிக்கும் அவரை யாரும் ஏற்ற மாட்டார்கள். திரும்பவும் தறிக்குழிதான்.

"இங்கிலீஷ்ல நல்லா எழுது. டிரைவர் அஜாக்கிரதைன்னு" என்றார் முதலாளி.

டைப் மெஷினில் பேப்பரைச் சுருட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேப்பர் உருளையில் ஏறுகிற வரைக்கும் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. தொலைந்தான் என்று. என்னைக் காலேஜு காலேஜு என்று அத்தனை பேர் எதிரில் கூப்பிட்டவர். என் ஷூவைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர். இரண்டு வரி அடித்தால் இனி ஆயுசுக்கும் அவர் முகத்தில் விழிக்க வேண்டாம்.

ஆனால் 'ஸ்டீயரிங் நல்ல நிலையில் இருந்தது' என்று அடிக்க விரல் போகவில்லை. இருக்கவில்லையே! என் கண்ணால் பார்த்தேனே! பின் இருந்த ஓட்டையில் தூள்தான் இருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அது பொய். ஒரு இயந்திரம் ஏன் உடைந்தது என்று தெரிந்துகொண்டே வேறு காரணம் எழுதுவதற்கு எனக்கு அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவரைவிட அந்தப் பொய்யான வரியை நான் அதிகமாக வெறுத்தேன்.

அடித்தேன். தோல் உறையைத் தைத்து மாட்டியது குமாஸ்தாவாகிய நான். தினமும் கழுவி கிரீஸ் அடிக்கிற வழக்கத்தை என் யோசனையின் பேரில் நிறுத்தினோம். உறையை அவிழ்த்துப் பார்க்கும்படி டிரைவர் மூன்று முறை சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. பச்சைத் தோலிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் உறைக்குள் தங்கிப் பின் அரித்துப்போனது. டிரைவர் மேல் குற்றமில்லை. எல்லாம் நல்ல இங்கிலீஷில்.

"படி" என்றார் முதலாளி. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் இங்கிலீஷிலேயே முழுசையும் படித்தேன். டிரைவர் என்கிற வார்த்தை வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். உருதுவில் கையெழுத்துப் போட்டார். நான் கவரில் போட்டு ஒட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று வேனை முற்றத்தில் இழுத்து நிறுத்தியிருந்தார்கள். டிரைவரும் வந்திருந்தார். வலது கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு தமிழில் கேட்டார்:

"இந்தத் தோல் உறையை மாட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"கழுவக் கூடாதுன்னு சொன்னது?"

"நான் சொன்னேன். மொதலாளி உத்தரவு போட்டார்."

"அவுத்துப் பார்க்கணும்னு டிரைவர் கேட்டாரா?"

"மூணு தடவை."

முதலாளி என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு எதிரில் அவர் குரலை உயர்த்தவில்லை. உருதுவில் மெல்ல ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து மற்ற மூன்று உறைகளையும் அறுக்கச் சொன்னார். மூன்றிலும் அதே உப்பு. இந்த வண்டியை ரோட்டில் விடக் கூடாது என்று எழுதிவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து டிரைவரிடம் நீட்டினார்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் கேட்டைத் தாண்டியதும் முதலாளி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "டைப் மெஷின் மேல துணிய போட்டு மூடிட்டுப் போ. நாளைக்கு வர வேணாம்."

மூடிவிட்டு வெளியே வந்தேன். டிரைவர் வேனில் சாய்ந்தபடி, இடது கையால் லைசென்ஸ் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கேயாவது குற்றம் பதிகிற சிவப்பு மை விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழவில்லை. நான் எதிரில் போய் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா?

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு தங்குதுன்னு நான் எத்தன தடவ சொன்னேன்?"

"மூணு தடவை" என்றேன்.

"அப்பல்லாம் பொய்யி. நீ இங்கிலீஷ்ல அடிச்சதும் நெசமாய்ட்ச்சா?"

எனக்கும் ஆத்திரம் வந்தது. எனக்கு வேலை போயிருக்கிறது ஐயா, உங்களுக்காக, என்று கத்த வேண்டும் போல இருந்தது. அது அவருக்காக இல்லை என்று எனக்கே தெரிந்திருந்ததால் வாய் எழவில்லை.

அவர் லைசென்ஸைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். தோள் கட்டு பையின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. இடது கையால் இரண்டு தடவை முயன்றும் உள்ளே போகவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் சட்டென்று விலகி, புத்தகத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.